இரண்டு மணிக்குச் சாகும் பேட்டரி

1. மேஜைக்கு வந்த போன்

பிரஸ் முதலாளி அண்ணாச்சி நேராக என் மேஜைக்கு வந்து ஒரு போனை வைத்தார். பக்கத்தில் ஒரு லேபிள் ஷீட்டை விரித்தார். போனில் உயிர் இல்லை. ஷீட்டில் புஸ்வாணம் பூத்துக்கொண்டிருந்தது. அதன் கீழே '10 பீஸ்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

“ஏம்மா செல்வி, இது எத்தனை பீஸ் பொட்டி?”

“அஞ்சு பீஸ் அண்ணாச்சி. நேத்து மத்தியானம் மாத்தச் சொல்லி மெயில் போட்டிருக்காக.”

“மெயில் யாருக்கு வந்துச்சு?”

“பால்ராஜ் அண்ணனுக்கு.”

“அவரு போனு அந்நேரம் என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சு?”

பதில் மேஜைமேல் கருப்பாகக் கிடந்தது. ஐந்து பீஸ் பெட்டியில் பத்து பீஸ் என்று ஒட்டி அனுப்ப முடியாது. முந்தின நாள் மத்தியான ஷிஃப்டில் ஓடிய ஷீட் அத்தனையும் கழிவுக்குப் போயிற்று.

இளையவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை சொல்லிவிடுகிறேன். நான் இருபத்தாறு வருடம் சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் வேலை பார்த்தவள். பட்டாசுப் பெட்டி லேபிள்தான் எங்கள் முக்கிய வேலை. முதல் எட்டு வருடம் டிடிபி ஆபரேட்டராக இருந்தேன். இந்தியில் ஓர் எழுத்தும் தெரியாமல் இந்தி லேபிள் அடிப்பேன், படம் பார்த்துப் படம் வரைகிற மாதிரி. அப்புறம் பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் பெருகியது. ரிப்பேர் பார்க்க மதுரையிலிருந்து ஆள் வர மூன்று நாள் ஆகும் என்பதால் நானே கழற்றி மாட்டப் பழகினேன். அப்படித்தான் சிஸ்டம் செக்‌ஷன் உண்டானது. செக்‌ஷன் என்றால் கூட்டம் என்று நினைக்க வேண்டாம். நான், ஒரு மேஜை, ஒரு ஸ்க்ரூடிரைவர் செட், அவ்வளவுதான். ஆனால் அந்த மேஜை எனக்கு லேசில் கிடைத்ததல்ல.

இந்தக் கதை நடந்தது இரண்டாயிரங்களின் பின்பாதியில். அப்போது ஊரில் தினமும் இரண்டு மணி நேரம் கரண்டு கட். கரண்டு போனால் பிரஸ் மெஷின் ஜெனரேட்டரில் ஓடும். ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கு ஜெனரேட்டர் லைன் கிடையாது. யூபிஎஸ் இருபது நிமிடம் தாங்கும், பிறகு எல்லாம் இருட்டு. அதாவது மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும், அதை நிறுத்தச் சொல்லி வடநாட்டுப் பார்ட்டி அனுப்பும் மெயில் மட்டும் யார் கண்ணிலும் படாது. இதற்குத்தான் மெயில் வரும் போன் வாங்கலாம் என்று ரொம்ப நாளாக அண்ணாச்சியை நச்சரித்து, ஒரே மாடலில் இரண்டு வாங்க வைத்தேன். ஒன்று ஆர்டர் பார்க்கும் பால்ராஜ் அண்ணனுக்கு. இன்னொன்று சோதித்துப் பார்க்க எனக்கு, அதில் என் மெயில் மட்டும் வரும், ஆர்டர் மெயில் வராது. சரியாக வந்தால் வெளியில் சுற்றும் மற்ற ஐந்து பேருக்கும் வாங்குவது என்று பேச்சு.

சரியாக வரவில்லை. போன் வந்த நாள் முதல் மூன்று மாதமாக ஒவ்வொரு நாளும் மத்தியானம் இரண்டு மணிவாக்கில் பால்ராஜ் அண்ணன் போன் செத்துப்போனது.

அண்ணாச்சி கத்துகிறவர் இல்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருக்கும்.

“வர்ற வியாளக்கிளமை பாட்னா பார்ட்டியோட தரைச்சக்கர லேபிள் மெஷின்ல ஏறுது. சீசன் லோடு. அதுக்குள்ள இந்தப் போனு சாயங்காலம் வரைக்கும் முளிச்சிருக்கணும். இல்லைன்னா போனு விக்கிற சென்னைக்காரர் சொல்ற, மெயில் தானா வந்து நிக்கிற புஷ் செட்டை வாங்கிப் போட்டுருவேன். அவுகளே எல்லாம் பாத்துக்கிடுவாகளாம். நீ பளையபடி டிடிபிக்குப் போயிரும்மா.”

வேலை போகாது, அது தெரியும். ஆனால் அந்த மேஜை போய்விடும். எட்டு வருடம் அர்த்தம் தெரியாமல் அடித்த எழுத்துகளுக்கு நடுவே மறுபடியும் போய் உட்கார வேண்டும். கையில் ஆறு நாள் இருந்தது.

2. மெயிலைத் தின்ற பாப் த்ரீ

என் பிழைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பிழையைப் பிறகு பார்ப்போம்.

போன் வந்த முதல் வாரம் நான் போட்ட செட்டிங் பாப் த்ரீ. ஆபீஸ் கம்ப்யூட்டரில் பழகிய ஒரே முறை அதுதான். பாப் த்ரீ போஸ்ட் ஆபீசுக்குப் போய் தபாலைக் கையோடு வாங்கி வருவது மாதிரி. வாங்கிவிட்டால் அங்கே மிச்சம் இருக்காது. 'காப்பி சர்வரில் இருக்கட்டும்' என்று ஒரு டிக் போட வேண்டும். நான் போடவில்லை.

விளைவு, பால்ராஜ் அண்ணனின் போன் முந்திக்கொண்டு மெயிலை வாங்கிவிடும், ஆபீஸ் கம்ப்யூட்டர் காலியாக உட்கார்ந்திருக்கும். 'மெயில் போட்டோம், பார்க்கவில்லையா' என்று டில்லியிலிருந்து போன் வரும். ஆபீசில் 'வரவே இல்லை' என்று சத்தியம் செய்வார்கள். இப்படி இரண்டு நாள் போன பிறகுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. யாரிடமும் சொல்லாமல் ஐமேப்புக்கு மாற்றினேன். ஐமேப்பில் மெயில் சர்வரிலேயே இருக்கும், போனும் கம்ப்யூட்டரும் அதைப் பார்த்துக்கொள்ளும். அண்ணாச்சிக்கு இன்று வரை அந்த டிக் விஷயம் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்.

ஐமேப் மெயிலைக் காப்பாற்றியது. பேட்டரியைக் காப்பாற்றவில்லை. அதற்கும் நானே காரணம். மெயில் தாமதமாகக்கூடாது என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்கும்படி வைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் போன் தூக்கம் கலைந்து, டவரைப் பிடித்து, சர்வரோடு இணைந்து, யூசர் நேம் பாஸ்வேர்டு சொல்லி, 'ஏதாவது வந்ததா' என்று கேட்கும். பெரும்பாலும் ஒன்றும் வந்திருக்காது. பொண்ணு பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டுக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை போன் போட்டு விசாரித்தால் யாருக்குத்தான் தெம்பு இருக்கும்.

இதற்கு மாற்றுத்தான் புஷ். ஐமேப்பிலேயே ஐடில் என்று ஒரு வழி உண்டு. ஆக்டிவ்சிங்க் என்று இன்னொன்று உண்டு. இரண்டுக்கும் சாரம் ஒன்றுதான். போன் ஒரு முறை இணைந்து லைனைத் திறந்தே வைத்துவிட்டுத் தூங்கும். மெயில் வந்தால் சர்வர் எழுப்பும். லைன் அறுந்துவிடாமல் இருக்க அவ்வப்போது 'இருக்கேன்' என்று ஒரு சின்ன சிக்னல் போகும். சும்மா சும்மா விசாரிப்பு இல்லை.

வெளியூர்க் கம்பெனியில் வாடகைக்கு இருந்த எங்கள் சர்வரில் ஆக்டிவ்சிங்க் இருந்தது. என் போனில் அதைப் போட்டு மேஜைமேல் வைத்தேன். காலை ஒன்பது மணிக்குப் பேட்டரி ஏழு கோடு. மாலை ஆறு மணிக்கும் ஐந்து கோடு நின்றது. நாற்பது மெயிலுக்கு மேல் வந்திருந்தது. ஐந்து நிமிட விசாரிப்பில் அதே போன், அதே மேஜையில் இரண்டு கோட்டுக்கு இறங்கியிருந்தது. அன்று நான் வீட்டுக்கு நடந்துபோன நடையே தனி.

மறுநாள் பால்ராஜ் அண்ணன் போனிலும் அதே செட்டிங்கைப் போட்டுக் கொடுத்தேன். மத்தியானம் ஒன்றே முக்காலுக்கே செத்துவிட்டது. முன்பு இரண்டு மணி, இப்போது கால் மணி நேரம் முந்தி. அன்று மத்தியானம் வந்ததுதான் அந்த ஐந்து பீஸ் மெயில்.

3. பால்ராஜ் அண்ணன் மேல் பழி

அண்ணாச்சி கெடு வைத்துவிட்டுப் போனதும் நான் செய்த முதல் காரியம், பால்ராஜ் அண்ணனைக் கூப்பிட்டு விசாரித்தது. அவருக்கு ஐம்பது வயதிருக்கும். தினம் பைக்கில் மூன்று பட்டாசு ஆலைக்குப் போவார். லேபிள் புரூஃபைப் பேக்கிங் ஹாலில் பெட்டியோடு வைத்து அளவு சரிபார்த்து வருவது அவர் வேலை.

“அண்ணே, மறைக்காமச் சொல்லுங்க. போன்ல பாட்டுக் கேக்கீகளா, படம் பாக்கீகளா?”

“பாட்டா? எனக்கு எங்கனம்மா நேரம் இருக்கு. காலைல ஏளு கோடு நிக்குது. மத்தியானம் பாத்தா கருப்பாக் கெடக்கு. நானா குடிச்சேன்?”

நான் நம்பவில்லை. போனை வாங்கி மெமரி கார்டைத் திறந்து பார்த்தேன். மூன்று முருகன் பாட்டு இருந்தது, அவர் பேரன் மொட்டை போட்ட போட்டோ ஒன்று இருந்தது. பாட்டு மூன்றும் ஒரு முறைகூட ஓடியிருக்கவில்லை. மனிதரின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாகிவிட்டது.

“தப்பா நெனச்சுக்கிடாதீக அண்ணே.”

“நெனைக்கலை. அண்ணாச்சி உனக்குக் கெடு வச்சிருக்காருன்னு கேள்விப்பட்டேன். என்ன செய்யணும்னு சொல்லு, செய்றேன்.”

பேட்டரி பழுதோ என்று இரண்டு போனின் பேட்டரியையும் மாற்றி மாட்டினேன். பலனில்லை. அடுத்த நாள் இரண்டு போனையும் அவரிடமே கொடுத்தனுப்பினேன். ஒன்றில் புஷ். மற்றொன்றில் அரை மணிக்கு ஒரு முறை விசாரிப்பு. புஷ் வழக்கம்போல ஒன்றே முக்காலுக்குப் போனது. அரை மணி விசாரிப்பு நாலு மணி வரை இழுத்துக்கொண்டு கிடந்து போனது. என் மேஜையில் இதற்கு நேர் மாறு. அங்கே புஷ் ஜெயித்தது. ஒரே போன், ஒரே செட்டிங், இடம் மட்டும் வேறு. அப்படியானால் குற்றம் புரோட்டோகாலில் இல்லை, இடத்தில் இருக்கிறது. இது எனக்கு அன்று மாலையே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. இன்னொரு நாள் முழுக்கச் சிக்னல் இடைவெளியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சர்வர் லாகைப் பிரிண்ட் எடுத்துப் படித்தபோதுதான் கண் திறந்தது. காலை பத்தேகால் வரை பால்ராஜ் அண்ணன் போன் ஒழுங்காக இருக்கிறது. பத்தேகாலிலிருந்து பன்னிரண்டரை வரை பைத்தியம் பிடித்த மாதிரி இணைகிறது, அறுகிறது, இணைகிறது, அறுகிறது. நிமிடத்துக்கு இரண்டு முறைகூட உண்டு. பன்னிரண்டரைக்குச் சரியாகிவிடுகிறது. ஒரு மணிக்கு மறுபடி ஆரம்பம்.

“பத்தேகால்லருந்து பன்னெண்டரை வரைக்கும் எங்கன இருந்தீக அண்ணே?”

“எம். புதுப்பட்டில. பேக்கிங் ஹால்ல.”

“அங்கன டவர் இல்லையா?”

“ஆலைக்கு எதுத்தாப்புலதான் நட்டமா நிக்குது. அங்கன இல்லாத சிக்னலு சிவகாசில கூடக் கெடையாது.”

“போன் உங்க சட்டைப் பையிலதான இருந்துச்சு?”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“பட்டாசு ஆபீசுக்குள்ள எவனாச்சும் போனோட போவானா? கேட்ல குடுத்துட்டுத்தான்.”

மூன்று மாதமாக இதை அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கோயிலுக்குப் போனதைச் சொல்கிறவர் செருப்பை வாசலில் விட்டதைச் சொல்வாரா. அவருக்கு அது அப்படி. நானும் இந்த ஊர்க்காரிதான், ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் பட்டாசு ஆலைக்குள் போன் போகாது என்று எனக்கும் தெரியும். தெரிந்ததைக் கணக்கில் எடுக்கவில்லை.

4. கேட்டில் ஒரு பெட்டி

செவ்வாய்க்கிழமை இரண்டு போனையும் முழுச் சார்ஜில் எடுத்துக்கொண்டு எம். புதுப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். ஆலைக்கு வெளியே, வேலிக்கு இந்தப் பக்கம், சின்ன வாட்ச்மேன் ரூம். வாட்ச்மேன் பெயர் மாடசாமி. வெள்ளை மீசை, காக்கிச் சட்டை.

“போனு இருந்தா குடுத்துருங்கம்மா. சிகரெட்டு, தீப்பெட்டி எல்லாம் உங்ககிட்ட இருக்காது.”

கொடுத்தேன். அவர் பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தார். கனமான, துருப்பிடித்த இரும்புப் பெட்டி. மூடியைத் தூக்கிப் போனைப் போட்டுவிட்டு மூடினார். 'டங்' என்று ஒரு சத்தம் வந்தது. மூடி வளைந்திருந்ததால் முழுசாக மூடவில்லை, ஒரு விரல் அளவு திறந்தே நின்றது.

அந்த 'டங்' சத்தத்தில் எனக்கு மூன்று மாதமும் விளங்கிவிட்டது.

“அண்ணாச்சி, இந்தப் பொட்டி ஏது?” என்று மாடசாமியிடம் கேட்டேன்.

“இதா? இது ஸ்டோர்ல கெடந்ததும்மா. உள்ள இரும்பே ஆவாதுல்ல. ஒரசுனா பொறி பறக்கும். சுத்தியலு கூட மரந்தான், இல்லைன்னா பித்தளை. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த ஆபீசர் இதைப் பாத்துட்டு மொதல்ல வெளிய தூக்குங்கன்னுட்டாரு. தூக்கி எறிய மனசு வரலை. நல்ல பொட்டி. போனு வைக்க ஆச்சு.”

அதாவது, உள்ளே ஆகாத இரும்பு வெளியே வந்து எங்கள் போனைப் பிடித்துக்கொண்டது. இரும்புக்குள் சிக்னல் சரியாக நுழையாது. அடியோடு நுழையாமல் இருந்தாலும் போன் கொஞ்ச நேரம் தேடிவிட்டு ஓய்ந்து ஓய்ந்து தேடும். இந்த மூடியோ விரல் அளவு திறந்திருக்கிறது. அந்த இடுக்கு வழியாக டவர் லேசாகத் தெரியும். போன் முழுப் பலத்தையும் போட்டுக் கத்தி ஒரு முறை பிடிக்கும். பிடித்ததும் புஷ் ஓடிப்போய்ச் சர்வரோடு லைன் போடும். உடனே சிக்னல் அறும். மறுபடி முதலிலிருந்து. ஒரு நாளைக்கு மூன்று ஆலை, மூன்று கேட். பால்ராஜ் அண்ணன் பேக்கிங் ஹாலில் நிதானமாகப் பெட்டி அளந்துகொண்டிருந்த நேரமெல்லாம் அவர் போன் இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. அரை மணி விசாரிப்பில் மல்லுக்கட்டு குறைவு. அதனால்தான் அது நாலு மணி வரை தாங்கியது.

விளங்கினால் போதாது, பிரஸ் அண்ணாச்சிக்குக் காட்ட வேண்டும். வாட்ச்மேனின் ரிஜிஸ்டர் நோட்டு வைக்கிற சாய்வு மேஜை மரத்தில் செய்தது. போன்களைத் திரும்ப வாங்கி இரண்டிலும் புஷ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். ஒன்றை இரும்புப் பெட்டியில் வைத்தேன், ஒன்றை மர மேஜை டிராயரில் வைத்தேன். வாட்ச்மேன் ரூம் லேண்ட்லைனில் ஆபீசுக்குப் போன் போட்டு இரண்டுக்கும் அரை மணிக்கு ஒரு மெயில் அனுப்பச் சொன்னேன். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

“உள்ள யாரையும் பாக்கலையாம்மா?”

“இல்ல அண்ணாச்சி. இந்தப் பொட்டியைப் பாக்கத்தான் வந்தேன்.”

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் என்னைக் கண்காணித்துக்கொண்டே இருந்தார். சாப்பாட்டு நேரம் போயிற்று. என் தயிர்சாதத்தை அங்கேயே சாப்பிட்டேன். ஒன்றே முக்கால் ஆயிற்று, இரண்டும் ஆயிற்று. எனக்குப் பதற்றம். அன்று பார்த்துச் சாகாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது. இரண்டாவது கேட்டின் பங்கும் சேர்ந்துதானே தினமும் இரண்டு மணிக்குச் செத்தது, இன்று ஒரே பெட்டி என்றாலும் விடாமல் அடைபட்டுக் கிடக்கிறதே என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். இரண்டு இருபதுக்குப் பெட்டிக்குள்ளிருந்து 'டொய்ங்' என்று ஒரு சோர்ந்த சத்தம் வந்தது. திறந்து பார்த்தேன், கருப்பு. டிராயரில் இருந்ததை எடுத்தேன். ஆறு கோடு. வந்திருக்க வேண்டிய மெயில் அத்தனையும் வரிசையாக நின்றது.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

“என்னம்மா, போனு செத்ததுக்குச் சிரிக்கீக?”

“மூணு மாசமாச் செத்துக்கிட்டு இருக்கு அண்ணாச்சி. இன்னைக்குத்தான் கொன்னவனைப் பிடிச்சேன்.”

அவருக்கு இரும்புப் பெட்டியை விட மனமில்லை. பூட்டு இருக்கிறது, காணாமல் போனால் யார் பொறுப்பு என்றார். நியாயமான கேள்வி. பூட்டோடு மரப்பெட்டி கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். மறுநாளே பிரஸ்ஸின் பேக்கிங் தச்சரிடம் பிளைவுட்டில் ஒரு பெட்டி செய்யச் சொன்னேன். எட்டு அறை, ஒரு பூட்டு, மேலே கண்ணாடி மூடி. மெயில் வந்தால் அந்தப் போனின் தலையில் ஒரு சிவப்பு லைட் மினுங்கும். சத்தம் வேண்டாம், லைட் தெரிந்தால் போதும் என்பதற்குத்தான் கண்ணாடி. பெட்டியைப் புதன்கிழமை மாலை நானே கொண்டுபோய் மாடசாமி அண்ணாச்சி கையில் கொடுத்தேன். ஆலை மானேஜரும் வந்து பார்த்தார். வேலிக்கு வெளியேதானே என்று கேட்டுக்கொண்டு தலையசைத்தார்.

5. வியாழக்கிழமை, இரண்டு ஐம்பது

பாட்னா லேபிளுக்கு மத்தியானம் ஓகே மெயில் வந்துவிட்டது. பிளேட் ஏறியது. இரண்டு மணிக்குக் கரண்டு போனது. ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது. இரண்டேகாலுக்கு மேல் ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. மெஷின்மேன் கலர் சரிபார்க்கும் ஷீட்டுகளை ஓட்டிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி மெஷின் பக்கத்தில் கை கட்டி நின்றார். நான் என் மேஜையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் போன் என்னிடம் இல்லை, அதை அன்று சாத்தூர் போகிற ஆளிடம் சோதித்துப் பார்க்கக் கொடுத்திருந்தேன். எல்லாம் பால்ராஜ் அண்ணன் போன் ஒன்றை நம்பித்தான் இருந்தது. ஒன்றே முக்கால் தாண்டியது முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நான் கிண்டல் செய்த அந்த விசாரிப்பு வேலையை நானே செய்துகொண்டிருந்தேன்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் மேஜைமேல் இருந்த லேண்ட்லைன் அடித்தது.

“செல்வி, மெஷினை நிப்பாட்டச் சொல்லு. பாட்னாக்காரர் இப்பத்தான் மெயில் போட்டிருக்காரு. பொட்டி அகலம் கால் அங்குலம் கொறையுதாம். புதுப் பொட்டி இங்கன பேக்கிங் ஹாலுக்கே வந்திருச்சு, நானே அளந்து பாத்துட்டேன். பளைய லேபிளு ஓரத்துல மடங்காது.”

நான் ஓடினேன். பிரஸ்ஸில் நான் ஓடி யாரும் பார்த்ததில்லை. ஜெனரேட்டர் சத்தத்தில் கத்தினால் கேட்காது என்று மெஷின்மேன் முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றேன். மெஷின் நின்றது. கலர் பார்த்த ஷீட்டு ஒரு கட்டு மட்டும்தான் போயிருந்தது. லோடு பேப்பர் அப்படியே மலையாக இருந்தது.

“யாரு நிப்பாட்டச் சொன்னது?” என்றார் அண்ணாச்சி.

“போன் சொல்லுச்சு அண்ணாச்சி.”

விஷயத்தைச் சொன்னேன். அவர் ஓடாத பேப்பர் அடுக்கின் மேல் கையை வைத்தார். மெஷின்மேனிடம் பிளேட்டை இறக்கச் சொன்னார்.

ஐந்தரைக்குப் பால்ராஜ் அண்ணன் வந்தார். பைக்கை நிறுத்தாத குறையாக உள்ளே வந்து போனை என் மேஜையில் வைத்தார். நான்கு கோடு நின்றது. அன்று அவர் போனது எம். புதுப்பட்டி ஆலை ஒன்றுக்குத்தான் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

“நான் உள்ள அளந்துக்கிட்டு இருக்கேன். மாடசாமி ஆளனுப்பிவிட்டாரு. 'ஏலே பால்ராஜு, உன் பொட்டில செவப்பு லைட்டு கண்ணடிக்குது, வந்து என்னன்னு கேளு'ன்னு. போயிப் பாத்தா பாட்னா.”

அண்ணாச்சி அந்த நான்கு கோட்டைக் குனிந்து பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“அந்தப் பொட்டி இன்னும் ஆறு செய்யச் சொல்லும்மா. நம்ம பார்ட்டி கேட்ல எல்லாம் வைப்போம். கம்பெனி பேரை மட்டும் பெருசாப் போடு.” இரண்டடி போய்த் திரும்பி வந்தார். “அஞ்சு போனு இன்னும் வாங்கணும்ல? எதுன்னு எளுதிக் குடு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். ஸ்க்ரூடிரைவர் செட்டை எடுத்துத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

6. சென்னைக்காரர் கேட்ட சார்ஜர்

இது இன்னும் பத்து நாள் கழித்து நடந்தது. புஷ் செட் விற்கிற சென்னைக்காரர் சொன்ன தேதிக்கு வந்துவிட்டார். நல்ல மனிதர், பேச்சு மட்டும் கொஞ்சம் அதிகம். அவர் கம்பெனி போனில் பேட்டரி ஒன்றரை நாள் நிற்கும், ஆக்டிவ்சிங்க்கைவிட அவர்கள் முறை எவ்வளவோ மேல் என்று அண்ணாச்சியிடம் படம் போட்டுக் காட்டினார். அவர் சொன்னதில் பெரும்பாலும் உண்மை.

“இவ்வளவு தூரம் வந்துட்டீக, பட்டாசு ஆபீஸ் ஒண்ணு பாத்துட்டு வாங்க” என்று அண்ணாச்சியே அவரைப் பால்ராஜ் அண்ணனோடு அனுப்பினார். அன்று முறை சாத்தூர்ப் பக்கத்து ஆலை. எங்கள் மரப்பெட்டி அங்கே இன்னும் போய்ச் சேரவில்லை. அந்தக் கேட்டிலும் ஒரு பழைய இரும்பு டிரங்குப் பெட்டி இருந்தது. பால்ராஜ் அண்ணன் தன் போனை வாட்ச்மேன் சட்டைப் பையில் போட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறார். அதற்குள் அவருக்கு எல்லாம் பாடமாகிவிட்டது. சென்னைக்காரர் தன் போனைப் பெட்டியில் போட்டார். விருந்தாளி என்று ஆலைக்காரர்கள் அவரை விடவில்லை. சுற்றிக் காட்டி, சாப்பாடு போட்டு, நாலு மணிக்குத்தான் அனுப்பினார்கள்.

ஐந்து மணிக்கு என் மேஜைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

“மேடம், சார்ஜர் ஏதாவது இருக்குமா? ஆச்சரியமா இருக்கு, இப்படி ஆனதே இல்லை.”

டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் பார்வை பால்ராஜ் அண்ணன் கையிலிருந்த போனுக்குப் போனது. ஐந்து கோடு.

“ரெண்டு பேரும் ஒரே இடத்துலதானே இருந்தோம். உங்களோடது எந்தப் புரோட்டோகால்?”

எனக்குச் சொல்ல வாய் துடித்தது. ஆனால் அண்ணாச்சி முந்திக்கொண்டார். கதவு ஓரத்தில் அடுக்கியிருந்த ஆறு பிளைவுட் பெட்டிகளைக் காட்டினார்.

“புரோட்டோகால் இல்ல தம்பி, பொட்டி.”

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எந்த முறை நல்லது என்று மேஜையில் வைத்துப் பார்க்காதீர்கள். சிக்னல் ஒழுங்காக இருக்கும் இடத்தில் புஷ் நல்லது. ரயிலில் போகிறவர்களுக்கும் டவர் வந்து வந்து போகும் ஊர்களுக்கும் அரை மணி விசாரிப்பு நல்லது. இதை அட்டையில் எழுதி ஆறு போனுக்குப் பின்னாலும் ஒட்டிக் கொடுத்தேன். ஆனால் அதற்கு முன்னால் அந்தச் சாமான் பகல் முழுக்க எங்கே கிடக்கிறது என்று கேளுங்கள். சொல்கிறவருக்கே தெரியாமல் இருக்கும். பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள்.

நான் ஓய்வு பெறும் வரை அந்த மேஜையில்தான் இருந்தேன்.